ஆதித் திருச்சபையின் பொதுப்பேழை

வறுமை ஒருவன் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போது அவன் முதலில் நோக்குவது உறவினரை. அடுத்து நோக்குவது அண்டை அயலாரை. இவ்விரு திசைகளிலிருந்தும் கை நீளாதபோது அவன் எங்கே செல்வான்? இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலத்துச் சமுதாயமும் தனக்கியன்ற வகையில் விடை கண்டுள்ளது. கிறித்து சகாப்தத்தின் முதல் மூன்று நூற்றாண்டுகளில் உரோமப் பேரரசின் நகரங்களில் சிதறி வாழ்ந்த கிறித்தவர்கள் கண்ட விடை வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. அரசின் ஆதரவு அவர்களுக்கு இருந்ததில்லை. சில வேளைகளில் அரசே அவர்களுக்குப் பகையாய் நின்றது. அவர்களுள் பெருஞ்செல்வர் மிகச் சிலரே. அவ்வாறிருந்தும் தங்கள் கைம்பெண்களையும் அநாதைகளையும் நோயாளரையும் சிறைப்பட்டோரையும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் தாங்கி வந்தனர். இரக்க உணர்ச்சி எல்லா இனத்தாரிடமும் உண்டு. அவ்வுணர்ச்சிக்கு ஒழுங்கான ஓர் அமைப்பைக் கொடுத்ததே அவர்தம் சிறப்பாகும்.

உரோம நகரத்து ஏழை

உரோமாபுரியில் தானியம் இலவசமாக வழங்கப்பட்டது உண்மையே. அகஸ்டஸ் பேரரசர் காலத்தில் ஏறத்தாழ 2,00,000 பேர் அதனைப் பெற்றனர். ஆயினும், அது தலைநகரில் வாழ்ந்த உரோமக் குடிமகனுக்குரிய சலுகையாக இருந்ததேயன்றி ஏழைக்கென ஏற்பட்ட உதவியாக இருக்கவில்லை. அடிமையோ வேற்று நாட்டானோ எத்துணைப் பசித்திருப்பினும் அந்த வரிசையில் நிற்க இயலாது. செல்வர்களும் கொடையளித்தனர். நீராடு மண்டபங்களும் அரங்கங்களும் அவர்தம் பொருளால் எழுந்தன. அவற்றின் சுவர்களில் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பெயர் பொறிக்கச் சுவரில்லாத கொடையாகிய பசித்தவன் வயிற்றை நிரப்புதல் அத்துணைப் பெருமைக்குரியதாகக் கருதப்படவில்லை.

எளிய மக்கள் தமக்குத் தாமே துணையாக ஈமச் சங்கங்களை அமைத்துக் கொண்டனர். இத்தாலியிலுள்ள இலானுவியம் என்னும் ஊரில் கிடைத்த கல்வெட்டொன்று, கி.பி. 136 இல் இயங்கிய அத்தகைய சங்கத்தின் விதிகளைத் தெளிவாகக் கூறுகிறது. சேர்பவர் 100 செஸ்டர்ஸ் நாணயமும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும் தரவேண்டும். பின்னர் மாதந்தோறும் 5 செப்புக் காசுகள் செலுத்த வேண்டும். அவர் இறந்தால் அடக்கச் செலவுக்கு 300 செஸ்டர்ஸ் வழங்கப்படும். ஆனால், தொடர்ந்து ஆறு மாதங்கள் சந்தா செலுத்தத் தவறியவருக்கு அவ்வுரிமை இல்லை.

சங்கத்தின் நோக்கில் இது நியாயமான விதியே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆறு மாதங்கள் சந்தா கட்ட இயலாதவன் யார்? வேலையிழந்தவன், நோயில் படுத்தவன், முதுமையால் தளர்ந்தவன். எவனுக்கு உதவி மிகவும் தேவையோ அவனே முதலில் பட்டியலிலிருந்து நீங்குகிறான். கிறித்தவர்களின் பொதுப்பேழை இவ்விடத்திலேதான் வேறுபட்டது.

முறையீட்டில் பிறந்த ஒழுங்கு

எருசலேமில் தோன்றிய முதல் சபையினர் தம் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூல் கூறுகிறது. சீப்புரு தீவினரான பர்னபா தம் நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். இச்செய்தியைப் பலரும் அறிவர். இதனை அடுத்து அதே நூல் மறைக்காமல் கூறும் மற்றொரு செய்தி அதனினும் பெரிய படிப்பினை உடையது.

நாள்தோறும் நடந்த உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டனர். எபிரேய மொழியாளருக்கு எதிராக அவர்களிடையே முறுமுறுப்பு எழுந்தது. ஒரே சபை, ஒரே நம்பிக்கை, ஆயினும் மொழியால் வேற்றுமை முளைத்துவிட்டது. தலைவர்கள் முறையிட்டவர்களை அடக்கவில்லை. பங்கீட்டைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுக்குமாறு சபையாரிடமே கூறினர். தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு முதலிய எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே உள்ளன. எனவே, குறைபட்டவர்கள் தரப்பினரிடமே பெரும்பாலும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாக அறிஞர் கருதுவர். உதவி புரியும் அமைப்பு எதுவாயினும் அதில் பாகுபாடு நுழைவது எளிது. அதனை ஒப்புக்கொண்டு திருத்துவது அரிது. அவ்வரிய செயலைச் செய்ததால்தான் அந்தச் சபை பிளவுறாமல் நின்றது.

கிளாடியஸ் பேரரசர் காலத்தில், கி.பி. 40 களில், யூதேயாவில் கொடும் பஞ்சம் வந்தது. அதியபேனே நாட்டு அரசி எலெனா எகிப்திலிருந்து தானியமும் சீப்புருவிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வரவழைத்து எருசலேம் மக்களுக்கு வழங்கினார் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார். அது அரசியின் கொடை. அந்தியோக்கியா நகரக் கிறித்தவர்களோ தத்தம் சக்திக்கேற்பப் பணம் சேர்த்து, பர்னபா, பவுல் ஆகியோர் கையில் யூதேயாவுக்கு அனுப்பினர்.

அடுத்த பத்தாண்டில், பவுல் கிரேக்க நாட்டுச் சபைகளிலும் எருசலேம் ஏழைகளுக்காகப் பொருள் திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்கேற்ற ஒரு பகுதியை எடுத்து வைக்க வேண்டும் என்பது கொரிந்து சபைக்கு அவர் எழுதிய அறிவுரை. தாம் வந்த பின் அவசரமாகத் திரட்டுவதை அவர் விரும்பவில்லை. வறியவர்களாகிய மக்கெதோனியர் தங்கள் தகுதிக்கு மிஞ்சிக் கொடுத்ததை எடுத்துக் கூறி ஊக்கினார். பணத்தைத் தாம் மட்டும் எடுத்துச் செல்லாமல், சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரரையும் உடன் சேர்த்துக் கொண்டார். பெருந்தொகையைக் கையாளும்போது எவரும் குறை சொல்ல இடமிருக்கலாகாது என்பது அவர் கருத்து. கடவுள் முன்பாக மட்டுமன்றி மனிதர் முன்பாகவும் கணக்குத் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்னும் இக்கொள்கை, பொதுப்பணத்தைத் தொடும் எல்லார்க்கும் உரியதன்றோ?

பேழை இயங்கிய விதம்

கி.பி. 155 ஆம் ஆண்டளவில் உரோமாபுரியில் வாழ்ந்த யுஸ்தீன் என்னும் ஞானி, பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஞாயிறு வழிபாட்டை விளக்குகிறார். வசதியும் விருப்பமும் உடையோர் தாம் தீர்மானித்த அளவு கொடுப்பர். அது தலைவரிடம் சேர்க்கப்படும். அவர் அநாதைகள், கைம்பெண்கள், நோயாளர், சிறையிலுள்ளோர், ஊருக்குப் புதியோர் ஆகியோரைக் கவனித்துக் கொள்வார்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், கி.பி. 197 அளவில் இன்னும் விரிவாக எழுதினார். ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு நாளோ தாம் விரும்பும்போதோ சிறு தொகை இடுவர்; அதுவும் விருப்பமும் இயலுமையும் இருந்தால் மட்டுமே; கட்டாயம் இல்லை. அப்பணம் விருந்துக்கும் குடிக்கும் செலவாகாது. ஏழைகளுக்கு உணவிடவும் அவர்களை அடக்கம் செய்யவும், பெற்றோரை இழந்த சிறுவர் சிறுமியரையும் முதுமையால் வீட்டோடு முடங்கிய அடிமைகளையும் கப்பலுடைந்து தவித்தோரையும் காக்கவும் அது பயன்பட்டது. நம்பிக்கையின் காரணமாகச் சுரங்கங்களிலும் தீவுகளிலும் சிறைகளிலும் வாடியோருக்கும் அதிலிருந்து பங்கு சென்றது.

இலானுவியம் சங்கத்தின் விதிகளோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு தெற்றென விளங்கும். அங்கே செலுத்தியவனே பெறுவான். இங்கே இயன்றவன் செலுத்துவான், இயலாதவன் பெறுவான். செலுத்தாத மாதங்களுக்காக எவரும் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை.

இத்தகைய தாராள மனத்தை ஏமாற்றுவோரும் இருந்தனர். லூசியன் என்னும் கிரேக்க நையாண்டி எழுத்தாளர், பெரெகிரீனஸ் என்பவனைப் பற்றி இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய நூலில் கிறித்தவர்களை எள்ளி நகையாடுகிறார். அவன் கிறித்தவனாகிச் சிறைப்பட்டபோது, விடியற்காலையிலேயே கைம்பெண்களும் அநாதைக் குழந்தைகளும் சிறை வாயிலில் காத்திருந்தனராம்; உணவு வகைகள் உள்ளே சென்றனவாம்; ஆசிய நகரங்களிலிருந்து பொதுச் செலவில் ஆட்கள் துணைக்கு வந்தனராம். எந்தப் போலியும் இவர்களிடம் எளிதில் பணக்காரனாகலாம் என்பது லூசியனின் கேலி. பகைவனின் கேலி சில வேளைகளில் நண்பனின் புகழ்ச்சியை விட உறுதியான சான்றாகும். சிறைப்பட்ட ஒருவனுக்காக ஊர் கடந்து உறவினர் போல் வந்தவர்கள் இருந்தனர் என்பதை அவரே பதிவு செய்துவிட்டார்.

கிறித்தவர்கள் விழிப்பின்றி இருந்தனர் எனவும் கருதலாகாது. ‘பன்னிருவரின் போதனை’ எனப்படும் மிகப் பழைய கையேடு, வழிப்போக்கராக வரும் சகோதரரை வரவேற்கச் சொல்கிறது. ஆயின் தேவையானால் இரண்டு அல்லது மூன்று நாள்களே அவர் தங்கலாம் என வரையறுக்கிறது. ஊரிலேயே குடியேற விரும்பினால் அவர் தம் தொழிலைச் செய்து உண்ண வேண்டும். தொழிலில்லாதவருக்குச் சபையார் வழி காட்ட வேண்டும். இதற்கு இணங்காதவன் கிறித்துவின் பெயரை விற்றுப் பிழைப்பவன் என அது எச்சரிக்கிறது. கதவு திறந்திருந்தது, ஆனால் வாயிலில் ஒரு காவலாளும் நின்றான்.

கணக்கேடும் பெயர்ப் பட்டியலும்

கி.பி. 251 இல் உரோமாபுரியின் ஆயர் கொர்நேலியு, அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய கடிதமொன்று வரலாற்றாசிரியர் யூசேபியுவின் நூலில் காக்கப்பட்டுள்ளது. அதன்படி, உரோமச் சபையில் 46 மூப்பர்களும் 7 திருத்தொண்டர்களும் வேறு பல பணியாளரும் இருந்தனர். அவர்களோடு கைம்பெண்களும் துன்புற்றோருமாக 1,500 பேருக்கு மேற்பட்டோர் பராமரிக்கப்பட்டனர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் தேசியஸ் பேரரசரின் துன்புறுத்தல் கடுமையாக இருந்தது. உரோம ஆயர் ஃபபியான் உயிரிழந்தார். அத்தகைய காலத்திலும் 1,500 பேரின் கணக்கு தவறவில்லை என்பது வியப்புக்குரியது.

சுரங்கத் தண்டனை பெற்றோரின் பெயர்ப் பட்டியலும் உரோமச் சபையிடம் இருந்தது. கொம்மோதஸ் பேரரசரிடம் செல்வாக்குப் பெற்றிருந்த மார்சியா என்னும் பெண்மணி, சார்தீனியாத் தீவின் சுரங்கங்களில் வாடிய கிறித்தவர்களை விடுவிக்க முன்வந்தபோது, ஆயர் விக்டர் அப்பட்டியலை அவரிடம் கொடுத்தார். பெயர் மறக்கப்பட்டிருந்தால் விடுதலையும் வந்திராது.

இன்னொரு சான்று பகைவர் கையாலேயே எழுதப்பட்டது. தியோக்கிளேசியன் பேரரசரின் ஆணைப்படி, கி.பி. 303 மே 19 ஆம் நாள், வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் அதிகாரிகள் கிறித்தவரின் வழிபாட்டு இல்லத்தைச் சோதனையிட்டனர். கண்டெடுத்தவற்றை எழுத்தர் வரிசையாகப் பதிந்தார். பொற்கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6 முதலியவற்றோடு, பெண்களின் அங்கிகள் 82, முக்காட்டுத் துணிகள் 38, ஆண்களின் அங்கிகள் 16, ஆண்களின் காலணிகள் 13 இணை, பெண்களின் காலணிகள் 47 இணை எனப் பட்டியல் நீள்கிறது. கி.பி. 320 இல் நடந்த ஒரு விசாரணையில் இவ்வறிக்கை படிக்கப்பட்டதால் அழியாமல் நின்றது. அவ்வாடைகள் ஏழைகளுக்காகச் சேர்த்து வைக்கப்பட்டவை என அறிஞர் கருதுவர். பெண்களின் ஆடைகள் மிகுந்திருப்பது கைம்பெண்கள் எத்தனை பேர் அங்குத் தாங்கப்பட்டனர் என்பதைக் குறிப்பாக உணர்த்துகிறது. பொன்னைத் தேடி வந்தவர்கள் 47 இணைக் காலணிகளைக் கண்டனர்!

கார்த்தேஜில் நேர்ந்த சோதனை

பொதுப்பேழையின் வரலாற்றில் மிகக் கடினமான சோதனை மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜில் நேர்ந்தது. அங்கு ஆயராக இருந்தவர் சிப்ரியன். அவர் காலத்துச் சபை குறையற்றதாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. சகோதரர் பசித்திருக்கையில் ஆயர்கள் சிலர் வாணிபத்திலும் வட்டியிலும் பொருள் குவித்தனர் என்று அவரே கடிந்து எழுதியுள்ளார். அன்பு மங்கும் காலமும் உண்டு. அதனைச் சுட்டிக்காட்டும் குரல் உள்ளிருந்தே எழுவதுதான் நம்பிக்கை தருவதாகும்.

நாடகத் தொழிலை விட்டுக் கிறித்தவரான ஒருவர், பிழைப்புக்காகச் சிறுவருக்கு நடிப்புக் கற்பித்து வந்தார். அக்காலச் சபை அத்தொழிலை ஏற்கவில்லை. என்ன செய்வதென்று ஓர் ஆயர் வினவியபோது, அவர் அதனை விட்டுவிட வேண்டும் என்றார் சிப்ரியன். அத்தோடு நில்லாமல், வறுமை தடையானால் சபை உணவளிக்கும் ஏனையோரோடு அவரையும் சேர்த்து எளிய உணவு வழங்குமாறும், அவ்வூர்ச் சபைக்கு அது இயலாதாயின் அவர் கார்த்தேஜுக்கே வந்து உணவும் உடையும் பெறலாம் என்றும் எழுதினார். ஒருவன் தொழிலைத் தடுக்கும் சபை, அவன் வயிற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கி.பி. 253 அளவில் நுமிதியாவில் கொள்ளைக் கூட்டத்தார் கிறித்தவர் பலரைச் சிறைபிடித்துச் சென்றனர். அவர்களை மீட்கக் கார்த்தேஜ் சபையினர் 1,00,000 செஸ்டர்ஸ் திரட்டி அனுப்பினர். கொடுத்தவர்களின் பெயர்களையும் சிப்ரியன் உடன் அனுப்பினார். மீட்கப்பட்டோர் தம் வேண்டுதலில் அவர்களை நினைக்க வேண்டும் என்பதே நோக்கம். சுவரில் பெயர் பொறித்த செல்வரின் கொடையையும் இதனையும் ஒருங்கே வைத்து நோக்குதல் தகும்.

இவற்றுக்கிடையே, கி.பி. 252 அளவில் கொள்ளைநோய் கார்த்தேஜைத் தாக்கியது. வீடு வீடாக மக்கள் மடிந்தனர். பிணங்கள் தெருவில் கிடந்தன. உற்றாரே உற்றாரை விட்டு ஓடினர். அந்நகர மக்கள்தாம் சில ஆண்டுகளுக்கு முன் சிப்ரியனைச் சிங்கத்துக்கு இரையாக்குமாறு கூச்சலிட்டவர்கள். அவர்களால் சொத்தும் உறவும் இழந்த கிறித்தவர் பலர் அச்சபையில் இருந்தனர். பேழையிலிருந்த பொருளும் கைகளில் எஞ்சியிருந்த வலிமையும் தம்மவர்க்கு மட்டுமே உரியவை என்று அவர்கள் சொல்லியிருந்தால், அதனைக் குறை கூற எவரால் இயலும்?

சிப்ரியன் சபையைக் கூட்டினார். தம்மவர்க்கு மட்டும் நன்மை செய்வதில் சிறப்பொன்றும் இல்லை. துன்புறுத்தியவர்க்கும் செய்வதே நிறைவுடைய அறம் என்று எடுத்துரைத்தார். பின்னர் அவரவர் நிலைக்கேற்பப் பணிகள் பகுத்தளிக்கப்பட்டன. செல்வர் பொருள் தந்தனர். பொருளில்லாதோர் தம் உழைப்பைத் தந்தனர். அது பொருளினும் விலை மிக்கதாயிற்று என்று அவரோடு வாழ்ந்த பொந்தியு என்னும் திருத்தொண்டர் எழுதியுள்ளார். அலெக்சாந்திரியாவிலும் அவ்வாறே மூப்பரும் திருத்தொண்டரும் பொதுமக்களும் நோயாளரைப் பேணித் தாமும் நோயுற்று மாண்டனர் என்று அந்நகர ஆயர் தியோனீசியு கடிதம் எழுதினார்.

ஒருவரையொருவர் தாங்கிப் பழகிய கைகளே அன்று அயலாரையும் தாங்கின. வீட்டுக்குள் கற்ற பாடம் வீதியில் பயன்பட்டது. சபையாரைக் காக்கும் அமைப்பு முன்னரே இல்லாதிருந்தால், கொள்ளைநோயின் நாளில் வெறும் அறிவுரையால் ஒரு நோயாளிக்கும் கஞ்சி கிடைத்திராது. அவ்வமைப்பு சபையாரோடு நின்றுவிட்டிருந்தால், அது மற்றுமொரு சங்கமாகவே முடிந்திருக்கும். சிப்ரியன் கி.பி. 258 செப்டம்பர் 14 ஆம் நாள் தம் நம்பிக்கைக்காகத் தலை துணிக்கப்பட்டு மாண்டார். அவர் விரித்துக் காட்டிய வட்டம் சுருங்கவில்லை.

நூறாண்டுகளுக்குப் பின்

கி.பி. 361 இல் அரியணை ஏறிய ஜூலியன் பேரரசர் பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநிறுத்த முயன்றவர். கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசகருக்கு அவர் பெயரால் எழுதப்பட்ட கடிதத்தில், ‘கலிலேயர்’ தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகின்றனர். நம்மவரோ நம்மிடமிருந்து உதவி பெறாதிருக்கின்றனர். இது நமக்கு இழிவு என்னும் கருத்து காணப்படுகிறது. ஆண்டுக்கு 30,000 படி அளவை கோதுமையை அப்பூசகருக்கு ஒதுக்கி, அதில் ஐந்தில் ஒரு பங்கை ஏழைப் பணியாளருக்கும் எஞ்சியதை வழிப்போக்கருக்கும் இரவலருக்கும் வழங்குமாறு அக்கடிதம் பணிக்கிறது. எதிர்த்து நின்றவரே பின்பற்ற விழைந்த சிறப்பு இது.

பேரரசின் களஞ்சியத்திலிருந்து கோதுமை வந்துவிடும். ஆனால் பழக்கம் அவ்வாறு வந்துவிடாது. கிறித்தவர்களின் பேழையில் விழுந்தவை பெரும்பாலும் சிறு காசுகளே. அவை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இடையறாது விழுந்தன. குறை கூறியவர் குரலுக்குச் செவி சாய்த்தனர். பணத்துக்குச் சாட்சி வைத்தனர். சுரங்கத்தில் கிடந்தவன் பெயரையும் எழுதி வைத்தனர். ஏமாற்றுவோர் உளர் என்பதற்காகக் கதவை அடைத்துவிடவில்லை. பஞ்சமும் நோயும் சிறையும் வந்தபோது அவர்கள் புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றாக இருந்தது: தம்மவர் என்னும் சொல்லின் பொருளை இன்னும் சற்று விரித்துக் கொள்ளுதல்.

துன்பம் வந்த பின் திரட்டும் இரக்கம் பல வேளைகளில் காலம் தாழ்ந்தே வந்து சேரும். நற்காலத்தில் மாதம் ஒரு காசாகச் சேரும் அன்பே இடர்க்காலத்தில் உணவாகவும் உடையாகவும் ஓர் இணைக் காலணியாகவும் உருமாறி ஏழையின் கைக்கு வருகிறது. சமயம் எதுவாயினும், சங்கம் எதுவாயினும், கூடி வாழ விழையும் எம்மக்களுக்கும் ஆதித் திருச்சபையின் பொதுப்பேழை விட்டுச் சென்ற பாடம் இதுவேயாகும்.